பத்து மணிக்குள்ள ஃபோன் வந்தா தேவ சித்தம்னு கேட்டேன், 10.02-க்கு வந்துச்சு

கேள்வி, ஜூன் 3

ரெண்டு வேலை கையில இருக்கு. ஒண்ணு இப்ப இருக்கிற இடத்துலயே, சம்பளம் சுமார். இன்னொண்ணு வெளியூர், சம்பளம் ஜாஸ்தி, ஆனா சில ஞாயித்துக்கிழமை ஷிஃப்ட் வரும். மூணு வாரமா ஜெபிக்கிறேன், ஒண்ணும் தெளிவா இல்ல. நேத்து ஆண்டவர்கிட்ட, "நாளைக்குக் காலைல பத்து மணிக்குள்ள வெளியூர் கம்பெனி ஹெச்ஆர் கூப்பிட்டா போறேன், இல்லன்னா இங்கயே இருக்கேன்"னு சொன்னேன். கூப்பிட்டாங்க. 10.02-க்கு. இது ஆமாவா இல்லையா? வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். அக்கா, நீங்க தேவ சித்தத்தைத் தெரிஞ்சுக்கறதைப் பத்தி நிறைய எழுதுவீங்களே, சிரிக்காம சொல்லுங்க.

ஜூன் 3, ராத்திரி 9.40

சிரிச்சுட்டேன் தம்பி, மன்னிச்சுக்கோ. உன்னைப் பார்த்து சிரிக்கல, என்னை நினைச்சு சிரிச்சேன். இருபது வருஷம் முன்னாடி எனக்கு ஒரு ட்ரான்ஸ்ஃபர் ஆர்டர் வந்துச்சு, வேணும்னா போகலாம் வேண்டாம்னா எழுதிக் கொடுக்கலாம். எனக்குப் போக ஆசை, ஆனா அதை ஆண்டவர் சொன்ன மாதிரி ஆகணும். நோட்டுல கடைசிப் பக்கத்தைக் கிழிச்சு "போ"ன்னு ஒண்ணு "போகாதே"ன்னு ஒண்ணு எழுதி நாலா மடிச்சு டப்பா மூடியில போட்டு முழங்கால் போட்டு கண்ணை மூடி எடுத்தேன். "போகாதே". சரியா குலுக்கலைன்னு தோணுச்சு. மறுபடி குலுக்கி எடுத்தா மறுபடி "போகாதே". சரி அஞ்சுல மூணு எது வருதோ அதுன்னு ஆண்டவர்கிட்ட ரூல்ஸை மாத்திட்டு மூணாவது எடுத்தேன், "போ". உடனே ஸ்தோத்திரம் சொல்லி எழுந்துட்டேன். அஞ்சு வரைக்கும் போகவே இல்ல. அதைவிட கேவலம் என்னன்னா "போகாதே" நீளமான வார்த்தை, பேனாவை அழுத்தி எழுதியிருந்தேன், அந்தத் தாள் கட்டைவிரலுக்குத் தனியா தெரிஞ்சுது. மூணாவது தடவை என் விரலுக்கு எல்லாம் தெரியும்.

நம்ம பாஷையில இதுக்குப் பேரே திருவுளச்சீட்டு. அன்னைக்கு அந்த மூடியில இருந்த திருவுளம் யாரோடதுன்னு எனக்கு இப்ப சந்தேகமே இல்ல.

ஜூன் 3, ராத்திரி 10.25

உன் கேள்விக்கு இன்னும் பதில் சொல்லல, தெரியும். 10.02 ஆமாவும் இல்ல, இல்லையும் இல்ல, அது ஹெச்ஆர் டீ குடிச்சிட்டு வந்த நேரம். பைபிள்ல கிதியோன் ராத்திரி ஆட்டுத்தோலை வெளிய போட்டு, பனியில அது நனையுதா காயுதான்னு அடையாளம் கேட்டானேன்னு சொல்லுவே. அவனுக்கு ஆண்டவர் என்ன நினைக்கிறார்னு தெரியல, பைபிள் கையில இல்ல, அதனால கேட்டான். நமக்கு அந்த நிலைமை இல்ல.

ஜூன் 4, காலை 6.10

மேல எழுதினது தப்பு. ஒருத்தர் சுட்டிக்காட்டினாங்க, போய் நியாயாதிபதிகள் 6 மறுபடி வாசிச்சேன். கிதியோனுக்கு நல்லாவே தெரியும். 14-ம் வசனத்துலயே போன்னு சொல்லியாச்சு. தோலைப் போடறப்ப 36-ம் வசனத்துல அவனே "நீர் சொன்னபடி"ன்னுதான் ஆரம்பிக்கிறான். அப்ப அந்தத் தோல் வழி கேக்கறதுக்கு இல்ல, சொன்ன வழியில போக பயமா இருந்ததுக்கு. முதல் நாள் தோல் மட்டும் நனையணும், அடுத்த நாள் தோல் மட்டும் காயணும்னு கேக்கறப்போ "கோபப்படாதேயும்"னு வேற சொல்லிக்கிறான், அவனுக்கே உறுத்தியிருக்கு பாவம். ஆண்டவர் கோவிச்சுக்கல, ரெண்டு தடவையும் செஞ்சு கொடுத்தார். அது அவரோட பொறுமைக்குச் சாட்சி, நம்ம டெக்னிக்குக்கு சர்ட்டிஃபிகேட் இல்ல.

நல்ல அடையாளம் கேட்ட ஆளும் இருக்காரு. ஆதியாகமம் 24, ஆபிரகாமோட மகனுக்குப் பொண்ணு தேடிப் போன வேலைக்காரர். கேட்டா எனக்குத் தண்ணி தரணும், அவளாவே ஒட்டகத்துக்கும் ஊத்துறேன்னு சொல்லணும், அவதான் பொண்ணுன்னு கேட்டார். கூட வந்தது 10 ஒட்டகம். தாகமான ஒட்டகம் ஒண்ணு 100 லிட்டர் வரைக்கும் குடிக்கும்ங்கிறாங்க, கணக்குப் போட்டுக்கோ, ஒரு பொண்ணு குடத்தைத் தூக்கிட்டு எத்தனை நடை. அந்த அடையாளத்துல கடிகாரம் இல்ல, குணம் இருக்கு. நீயும் அடையாளம் கேட்டே ஆகணும்னா அந்த மாதிரி கேளு. "ஞாயித்துக்கிழமை ஆராதனைக்கு விடுவீங்களா"ன்னு அந்த மேனேஜர்கிட்டயே கேட்டுப் பாரு, அவர் எப்படிப் பதில் சொல்றார்ங்கிறதுல நிறைய தெரியும்.

ஜூன் 4, மதியம்

"கதவு திறந்துச்சு அக்கா, அதான் போறேன்"னு இன்னொரு தம்பி எழுதியிருக்கார். இந்தத் திறந்த கதவைப் பத்தி எனக்குப் பல வருஷமா ஒரு எரிச்சல் இருக்கு, இன்னைக்குக் கொட்டிடறேன். நினிவேக்குப் போன்னு ஆண்டவர் சொன்னதுக்குத் தப்பிச்சு யோனா யோப்பாவுக்குப் போனப்ப தர்ஷீசுக்குப் போற கப்பல் ரெடியா நிக்குது, கையில கூலிக்குக் காசு இருக்கு, இடம் இருக்கு. இதைவிட ஒரு திறந்த கதவு வேணுமா? அப்புறம் தாவீது ஒளிஞ்சிருந்த என்கேதி குகை. அவனைக் கொல்லத் தேடற ராஜா சவுல் தானா உள்ள வர்றான், தாவீதோட ஆளுங்க "கர்த்தர் சொன்ன நாள் இதுதான்"னு வசனம் மாதிரியே பேசறாங்க. தாவீது அங்கியோட தொங்கலை அறுத்ததுக்கே மனசு அடிச்சுக்கிட்டான்.

இன்னும் ஒண்ணு, இது எனக்குப் பிடிச்சது. பவுல் சுவிசேஷம் சொல்ல துரோவா பட்டணத்துக்கு வர்றார், 2 கொரிந்தியர் 2-ல அவரே எழுதறார், கர்த்தராலே கதவு திறந்திருந்துச்சு, ஆனா தீத்துவைக் காணோம்னு ஆவியில அமைதி இல்ல, அதனால கிளம்பிப் போயிட்டேன்னு. கர்த்தர் திறந்த கதவுன்னு எழுதிட்டு அதுக்குள்ள போகலைன்னும் எழுதறார். சிநேகிதனைப் பத்திக் கவலைப்பட்டு ஊழியக் கதவை விட்டுட்டு வந்திருக்கார், அதுக்கு மன்னிப்பு எதுவும் கேக்கல. நம்ம ஆளுங்க யாராவது அப்படிப் பண்ணியிருந்தா சித்தத்தை விட்டு விலகிட்டார்னு சாட்சிக் கூட்டத்துல பேசியிருப்போம்.

ஜூன் 4, ராத்திரி 11.05

தூக்கம் வரல. அதே துரோவாதான் அப்போஸ்தலர் 16-லயும் வருது. அப்ப ரோம மாகாணமா இருந்த ஆசியாவுல பேச ஆவியானவர் தடுத்தார், பித்தினியாவுக்குப் போகவும் விடல, கடைசியில துரோவாவுல வந்து நிக்கறாங்க. நடந்த தூரத்தை மேப்புல பாரு, அத்தனை தூரமும் "அங்க வேண்டாம், இங்க வேண்டாம்"தான். அப்புறம்தான் எங்களுக்கு உதவி செய்ய வாங்கன்னு மக்கெதோனியா ஆள் தரிசனத்துல வர்றான். தரிசனம் பார்த்தது பவுல், ஆனா 10-ம் வசனத்துல "நாங்கள் நிச்சயித்துக்கொண்டு"ன்னு இருக்கு. எல்லாரும் உக்காந்து பேசி இது இதைத்தான் சொல்லுதுன்னு முடிவுக்கு வந்திருக்காங்க. தரிசனம் வந்த பிறகும் மூளைக்கு வேலை இருந்திருக்கு. அப்படி நிச்சயிச்சுப் போன மக்கெதோனியாவுல, பிலிப்பி பட்டணத்துல என்ன கிடைச்சது? அடியும், காலை மாட்டி வைக்கிற தொழுமரமும். ஜெயில்ல உக்காந்து "தப்பான ஊருக்கு வந்துட்டோமோ"ன்னு பவுல் கூட இருந்த சீலா கேட்டதா எழுதல, ராத்திரி பாடினாங்கன்னு எழுதியிருக்கு. எனக்கு ஆஃபீஸ்ல ப்ரின்டர் வேலை செய்யலைன்னாலே இந்த வேலை சித்தம் இல்லையோன்னு வந்துரும்.

ஜூன் 5, காலை

பைபிளைத் திறந்து கண்ணை மூடி விரல் வைக்கறதைப் பத்திக் கேட்டிருக்காங்க, பிற்காலத்துல பிஷப்பான அகஸ்டின் அப்படித்தானே மனம் திரும்பினார்னு. ஆமா. 386-ல மிலான்ல ஒரு தோட்டத்துல அழுதுட்டிருக்கார், பக்கத்து வீட்டுல இருந்து "எடு, வாசி"ன்னு குழந்தைக் குரல் மாதிரி கேக்குது, பவுலோட நிருபத்தைத் திறந்ததும் ரோமர் 13, களியாட்டு வெறி வேண்டாம் கிறிஸ்துவைத் தரிச்சுக்கோங்கன்னு இருக்கிற இடம். ஆனா கவனி, அது அவருக்குத் தெரியாத சேதி இல்ல. என்ன பண்ணணும்னு வருஷக்கணக்கா தெரியும், பண்ண மனசு வரல, அங்கதான் அடி விழுந்துச்சு. வேலையா வீடான்னு அவர் கேக்கல. அதே அகஸ்டின் பின்னாடி ஒரு கடிதத்துல, உலகக் காரியத்துக்காக சுவிசேஷப் பக்கத்தைத் திருப்பிச் சீட்டுப் பார்க்கிற பழக்கம் தனக்குப் பிடிக்கலைன்னு எழுதறார். 506-ல பிரான்ஸ்ல இருக்கிற ஆக்டேல கூடின சபை மன்றம் தடையே போட்டுச்சு. தடை போடற அளவுக்கு நடந்திருக்குன்னும் அர்த்தம், அதனால நீயும் நானும் புதுசா ஒண்ணும் கண்டுபிடிக்கல.

நான் விரல் வச்ச காலத்துல ஒரு தடவை வம்ச அட்டவணையில விழுந்துச்சு. யார் யாரைப் பெற்றான்னு பதினஞ்சு பேரு. ட்ரான்ஸ்ஃபருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்னு அரை மணி நேரம் யோசிச்சேன்.

ஜூன் 5, மதியம் 1.30

"பரிசுத்த ஆவி இறங்கின பெந்தெகொஸ்தேக்கு அப்புறம் பைபிள்ல யாரும் சீட்டுப் போடலையே"ன்னு ஒருத்தர், "மொரேவியர் போட்டாங்களே"ன்னு இன்னொருத்தர். ரெண்டு பேரும் சரி. அப்போஸ்தலர் 1-ல யூதாஸோட இடத்துக்கு மத்தியா பேருக்குச் சீட்டு விழுந்துச்சு, அதுக்கப்புறம் அந்தப் புஸ்தகத்துல சீட்டே இல்ல, 15-ம் அதிகாரத்துல எல்லாம் பேசி முடிச்சுட்டு "பரிசுத்த ஆவிக்கும் எங்களுக்கும் நலமாகக் கண்டது"ன்னு எழுதறாங்க. ஜெர்மனியில ஹெர்ன்ஹூட்ங்கிற ஊர்ல இருந்த மொரேவியர் சபையில ஊழியர் நியமனத்துலேர்ந்து கல்யாணம் வரைக்கும் சீட்டு இருந்துச்சு, சாதாரண விசுவாசிகளோட கல்யாணத்துக்கு அது வேண்டாம்னு 1818-ல கூடின சபை மன்றத்துல விட்டாங்க. உலகம் முழுக்க மிஷனரிகளை அனுப்பின ஜனங்க அவங்க, லேசா பேசக்கூடாது. ஒரு வித்தியாசம் மட்டும் சொல்றேன், அங்க சீட்டை எடுத்தது சபை, ஒருத்தர் ராத்திரி தனியா டப்பா மூடியில போட்டு மூணு தடவை எடுக்கல.

ஜூன் 5, சாயந்திரம்

கல்யாணம்னு பேச்சு வந்ததால. "ஆண்டவர் உன்னை எனக்குக் காட்டினார்"னு ஒருத்தர் என் சிநேகிதிகிட்ட சொன்னார். அவ ரொம்ப பயந்துட்டா, முடியாதுன்னு சொன்னா ஆண்டவருக்கே முடியாதுன்னு சொன்ன மாதிரி ஆயிடுமோன்னு. அவ கேட்ட ஒரே கேள்வி, "எனக்கு ஏன் காட்டல?" நல்ல கேள்வி. அந்தாளு ஆறு மாசத்துல இன்னொரு பொண்ணைக் கட்டிக்கிட்டார், அந்தப் பொண்ணையும் காட்டினாராம். 1 கொரிந்தியர் 7:39-ல பவுல் விதவைக்கு என்ன எழுதறார்? தனக்கு இஷ்டமானவனைக் கட்டிக்கலாம், கர்த்தருக்குட்பட்டவனா மட்டும் இருக்கணும். "இஷ்டமானவன்"னே இருக்கு. வேலி ஒண்ணுதான், உள்ள தோட்டம் பெருசு.

"கர்த்தர் சொன்னார்"னு சொல்றவங்க எல்லாம் பொய் சொல்றாங்கன்னு நான் சொல்லல. நாத்தான் நிஜ தீர்க்கதரிசி. தாவீது ஆலயம் கட்டணும்னதும் "உம்முடைய இருதயத்தில் உள்ளபடியெல்லாம் செய்யும், கர்த்தர் உம்மோட இருக்கார்"னு சொல்லிட்டார். அன்னைக்கு ராத்திரியே கர்த்தர் நாத்தான்கிட்ட இல்லன்னு சொல்றார். நிஜ தீர்க்கதரிசி, நல்ல எண்ணம், ஆனாலும் சொன்னது தப்பு. மறுநாள் போய்த் திருத்திச் சொன்னார் பாரு, அதுதான் நம்ம ஆளுங்ககிட்ட இல்லாதது.

ஜூன் 5, ராத்திரி 10.50

தம்பி மறுபடி எழுதியிருக்கார், "சமாதானம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் போன்னு எல்லாரும் சொல்றாங்க, எனக்கு ரெண்டு பக்கமும் இல்ல"ன்னு. எனக்கு ஒரு தடவை ரெண்டு மாசம் உள்ளுக்குள்ள சமாதானமே இல்ல, ராத்திரியெல்லாம் நெஞ்செரிச்சல், ஏதோ சித்தத்துக்கு விரோதமா இருக்கேன்னு உபவாசம் எல்லாம் இருந்தேன். டாக்டர் அசிடிட்டின்னார். உபவாசத்தால அது ஜாஸ்தியாயிருந்துச்சு.

ஆனா இதை முழுசா தள்ளவும் முடியல. பின்னாடி இயேசு சபையைத் தொடங்கின இக்னேஷியஸ் லொயோலா, 1521-ல பாம்ப்லோனாவுல பீரங்கிக் குண்டு கால்ல பட்டு மாசக்கணக்குல படுக்கையில கிடந்தவர், படை, பட்டம், சீமாட்டின்னு கனவு காணறப்ப சந்தோஷமா இருக்கும், முடிஞ்சதும் மனசு வறண்டுரும், கிறிஸ்துவைப் பத்தி நினைச்சா முடிஞ்ச பிறகும் சந்தோஷம் தங்கும்னு கவனிச்சார். நினைக்கிறப்ப வர்ற உணர்வை இல்ல, அது போன பிறகு மிச்சம் இருக்கிறதைப் பார்த்தார். அவர் சொன்ன ஒரு விதி எனக்குப் பல தடவை உதவியிருக்கு: மனசு இருண்டு கிடக்கிறப்ப முன்னாடி எடுத்த முடிவை மாத்தாதே. ஒரு ராத்திரி ஒரு மணிக்கு ராஜினாமா மெயில் டைப் பண்ணி சென்ட் மேல விரல் வச்சுட்டேன், இது ஞாபகம் வந்து லேப்டாப்பை மூடினேன். காலைல அந்த மெயில்ல நாலு ஸ்பெல்லிங் மிஸ்டேக் இருந்துச்சு.

பிரிஸ்டல்ல அநாதை இல்லங்கள் நடத்தின ஜார்ஜ் முல்லரோட முதல் படி இன்னும் கஷ்டம், அந்தக் காரியத்துல தனக்குன்னு விருப்பமே இல்லாத நிலைக்கு மனசைக் கொண்டு வரணும்ங்கிறார். எனக்கு அது வந்ததே இல்ல, வந்துச்சுன்னு நினைச்சப்பல்லாம் ஏமாத்திக்கிட்டேன். பிடிபடறதுக்கு முன்னாடி ஜெபிச்ச கெத்செமனே பகுதியை வாசிக்கிறப்ப ஒரு ஆறுதல், இயேசு தனக்கு ஆசை இல்லாத மாதிரி பேசல, இந்தப் பாத்திரம் வேண்டாம்னு முதல்ல சொல்லிட்டார், அதுக்கப்புறம்தான் உம்முடைய சித்தம். மாற்கு சுவிசேஷத்துல பார்த்தா மறுபடியும் போய் அதே வார்த்தையைச் சொல்லி ஜெபிக்கிறார். உனக்கு எந்த வேலை பிடிச்சிருக்குன்னு நீ இதுவரைக்கும் ஒரு இடத்துலயும் எழுதல தம்பி.

ஜூன் 6, காலை 5.45

ராத்திரி படுத்து யோசிச்சேன், நான் ரொம்ப புத்திசாலித்தனமா எழுதிட்டு இருக்கேனோன்னு. எல்லாத்தையும் தட்டிவிட்டா கடைசியில ஆண்டவர் வாயே திறக்கமாட்டார்னு ஆயிடும், அப்படி நான் நம்பல. பைபிள்ல "தேவனுடைய சித்தம்"னு நேரா எழுதியிருக்கிற இடங்களைத் தேடிப் பாரு, பரிசுத்தமா இருங்க, எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் பண்ணுங்க, ரெண்டுமே 1 தெசலோனிக்கேயர்தான், 4:3-லயும் 5:18-லயும் இருக்கு. வேலை, வீடு, தேதி எதுவும் இல்ல. உபாகமம் 29:29 மறைவானது கர்த்தருக்கு, வெளிப்படுத்தினது நமக்கும் நம்ம பிள்ளைங்களுக்கும்ங்குது. நான் பாதி வாழ்க்கையை மறைவானதைத் துருவறதுல போக்கினேன், வெளிப்படுத்தினது மேஜை மேலயே கிடந்துச்சு.

எதை நினைச்சு சொல்றேன்னா, அந்த ட்ரான்ஸ்ஃபர் சமயத்துல மத்தேயு 5:23, 24 திரும்பத் திரும்ப எங்கயாவது வந்துட்டே இருந்துச்சு, பிரசங்கத்துல, காலண்டர்ல. காணிக்கையை வச்சுட்டு முதல்ல போய் சகோதரனோட ஒப்புரவாகு. நான் ஒவ்வொரு தடவையும் இது என் கேள்விக்குப் பதில் இல்லையேன்னு பக்கத்தைத் திருப்பினேன். எனக்கும் என் கூடப்பிறந்த தம்பிக்கும் அப்ப பேச்சு இல்ல. இப்பவும் நாலு வருஷமா இல்ல, அது வேற சண்டை, வீட்டுப் பத்திரம். ஜெபத்துல வச்சிருக்கேன், நேரம் வரும்.

ஜூன் 6, காலை 9

"நேரம் வரும்னா என்னக்கா, பத்து மணிக்குள்ளயா?"ன்னு கேள்வி கேட்ட தம்பியே எழுதியிருக்கார். நல்லா இருடா.

ஜூன் 6, ராத்திரி

அவர் சைன் பண்ணிட்டாராம். எதுலன்னு எழுதல. மேனேஜர்கிட்ட ஞாயித்துக்கிழமையைப் பத்திக் கேட்டேன், அப்பாகிட்ட பேசினேன், எனக்கு எது பிடிச்சிருக்குன்னு முதல் தடவையா சத்தமா ஜெபத்துல சொன்னேன்னு எழுதியிருக்கார். நானும் எதுன்னு கேக்கல. மத்தவங்க தயவுசெஞ்சு நச்சரிக்காதீங்க. யாக்கோபு 4:15-ஐ ஒருத்தர் எழுதியிருக்காங்க, "ஆண்டவருக்குச் சித்தமானால்". அது முடிவெடுத்துத் திட்டம் போட்டவங்களுக்குச் சொன்னது, வாசல்லயே நிக்கறவங்களுக்கு இல்லன்னு என் எண்ணம்.

ஜூன் 7

இன்னைக்கு ஒண்ணும் எழுதற மூட் இல்ல. திருவிவிலியம்ங்கிற பைபிள் மொழிபெயர்ப்புல "திருவுளம்"னு இருக்கே, "சித்தம்"ங்கிறதைவிட நல்லா இருக்குல்லன்னு ஒருத்தர் கேட்டாங்க. ஆமா, உள்ளம்னு வருது. ஒருத்தரோட உத்தரவைத் தெரிஞ்சுக்கறதுக்கு சீட்டு போதும், உள்ளம் தெரியணும்னா கூட இருந்து பழகணும். இதை இன்னும் நீளமா எழுதலாம். அப்புறம்.

ஜூன் 8, மதியம் 3.15

ஆராதனை முடிஞ்சு வந்து என் கூடப்பிறந்த தம்பிக்கு ஃபோன் பண்ணேன். முதல் தடவை எடுக்கல. ஆஹா, கதவு மூடியிருக்குன்னு ஒரு நிமிஷம் நிம்மதியா இருந்துச்சு, மறைக்காம சொல்றேன். மறுபடி பண்ணேன். "யாரு?"ன்னான். என் நம்பரை அழிச்சுட்டான் போல. அக்காடான்னேன். ரொம்ப நேரம் சத்தமே இல்ல, பின்னாடி டிவி மட்டும் ஓடுது. அப்புறம் "சாப்பிட்டியா?"ன்னான். பத்திரத்தைப் பத்தி ரெண்டு பேருமே பேசல. நாலு நிமிஷம் பதினோரு செகண்ட்னு ஃபோன்ல காட்டுது. அவன் மறுபடி கூப்பிடுவானா தெரியல, நான் புதன்கிழமை கூப்பிடறேன்னு சொல்லி வச்சிருக்கேன்.